புதுப்பிப்பு: திப்பியில் ஈஸ்ட், நான் போட்ட தப்புக்கணக்கு

சேலம் ஜவ்வரிசி ஆலைகளில் மிஞ்சும் மரவள்ளித் திப்பியில் யூரியா கலந்து ஈஸ்ட் வளர்த்தால் மாட்டுக்குப் புரதத் தீவனம் ஆகும் என்று முன்பு எழுதியிருந்தேன். திருத்தம் இருக்கிறது.

ரொட்டி ஈஸ்ட் மாவுச்சத்தை நேரடியாகத் தின்னாது, சர்க்கரை வேண்டும். சரி, இப்போது முதலில் மாவுச்சத்தைச் சர்க்கரையாக உடைக்கும் அமைலேஸ் நொதி சேர்க்கிறேன்.

பெரிய கோட்டை விட்டது புரத அளவில்தான். ஆய்வகம் புரதத்தை நேரடியாக அளப்பதில்லை; நைட்ரஜனை அளந்து 6.25ஆல் பெருக்கி, அதையே புரத அளவு என்கிறது. யூரியாவில் 46 சதவீதம் நைட்ரஜன். ஈஸ்ட் தொடாமல் மிஞ்சிய யூரியாவும் புரதமாகவே கணக்கில் ஏறிவிடும். வெறும் யூரியாவை அனுப்பியிருந்தால் 287 சதவீதம் புரதம் என்று சொல்லியிருப்பார்கள்!

இந்த முறை யூரியாவைச் சேர்க்காமல் புரதத்தை மட்டும் கணக்கிடும் உண்மைப் புரதச் சோதனை கேட்டிருக்கிறேன். அதுவரை யாரும் மாட்டுக்குப் போட்டுவிடாதீர்கள். மிச்ச யூரியா கூடினால் விஷம்.