புதுப்பிப்பு: 3 முனிவர், 3 அரக்கர் படகுப் புதிருக்கு விடை

உதவிய எல்லோருக்கும் நன்றி. புதிர் இதுதான்: ஆறு பேரும் படகில் அக்கரை சேர வேண்டும்; படகில் இருவர்தான் ஏறலாம், முனிவர் இருக்கும் கரையில் அரக்கர் எண்ணிக்கை மிஞ்சக்கூடாது. ஐந்தாவது பயணத்தோடு வழி தெரியாமல் நின்று, உதவி கேட்டிருந்தேன்.

விதிக்கு உட்பட்ட நிலைகளை (எந்தக் கரையில் யார் யார் என்பதை) எழுதிவைத்து, தொடக்கத்திலிருந்து முன்னோக்கியும் முடிவிலிருந்து பின்னோக்கியும் நகரச் சொன்ன யோசனைதான் பலித்தது. இரண்டும் சந்தித்தது ஆறாவது பயணத்தில்: ஒரு முனிவரும் ஓர் அரக்கரும் சேர்ந்து திரும்ப வேண்டும். அக்கரை போன இருவரைத் திருப்பி அழைப்பதாவது என்று மனம் முரண்டுபிடிக்கும், ஆனால் வேறு வழியே கிடையாது. அப்புறம் இரு முனிவர்கள் கடந்தால் மீதி எளிது. மொத்தம் 11 பயணம்.

எதிர்பாராதது: 11 பயண விடைகள் நான்கு உண்டு. முதல் இரண்டு, கடைசி இரண்டு பயணங்களில் மட்டுமே வேறுபாடு. 4 முனிவர், 4 அரக்கர் என்றால் இந்தப் படகில் முடியவே முடியாது. மூவர் ஏறும் படகில் 9 பயணம்.