மூன்று வார நடை காணாமற்போய்விட்டது: மீட்க வழி உண்டா?

கரிக்கோல்: வணக்கம். மூன்று வாரமாக ஒரு கிழவரின் நடையை அசைவூட்டிக்கொண்டிருந்தேன். நேற்றிரவு அதே உருவத்துக்கு ஓட்டமும் அமைத்து, சேமித்துவிட்டுத்தான் மூடினேன். இன்று திறந்தால் ஓட்டம் இருக்கிறது, நடையைக் காணவில்லை. வெள்ளிக்கிழமை ஒப்படைக்க வேண்டும். உதவுங்கள்.

மையிருட்டு: எந்த மென்பொருள், எந்தப் பதிப்பு, எந்த இயங்குதளம் என்று சொன்னால்தானே உதவ முடியும்?

தூசிதட்டி: கோப்புறை மேகச் சேமிப்போடு இணைந்திருக்கிறதா? ஒத்திசைவின்போது பழைய பிரதி மேலெழுதியிருக்கும். எனக்கு இருமுறை நேர்ந்திருக்கிறது.

மையிருட்டு: பழைய பிரதி மேலெழுதியிருந்தால் ஓட்டமல்லவா காணாமற்போயிருக்க வேண்டும்?

கரிக்கோல்: பிளெண்டர் 3.6, விண்டோஸ். மேகச் சேமிப்பு இல்லை. நடையின் பெயருக்குப் பக்கத்திலுள்ள பெருக்கல் குறியை அழுத்திவிட்டு, ஓட்டத்துக்காகப் புதிய அசைவுப் பதிவு, அதாவது புதிய ஆக்‌ஷன் தொடங்கினேன், அவ்வளவுதான்.

மூத்ததச்சன்: கையேட்டைப் புரட்டியிருந்தால் இந்த இழையே தேவைப்பட்டிருக்காது. பெருக்கல் குறி ஆக்‌ஷனை அழிப்பதில்லை, உருவத்திலிருந்து கழற்றிவிடுகிறது. எதனோடும் இணையாமல், பயனர் எண்ணிக்கை (அதைப் பயன்படுத்துபவற்றின் எண்ணிக்கை) சுழியமாகி நிற்கும் தரவை பிளெண்டர் கோப்பில் எழுதுவதே இல்லை. கழற்றுமுன் கேடயச் சின்னத்தை அழுத்தி ஃபேக் யூசர், அதாவது ஒரு போலிப் பயனர், கொடுத்திருந்தால் அது தங்கியிருக்கும். 'இந்த ஆக்‌ஷன் சேமிக்கப்படாது' என்று திரையின் அடியில் எச்சரிக்கையும் வந்திருக்கும். அதைப் படிக்கிறவர்கள் குறைவு.

மையிருட்டு: ஐயா, அவர் கேட்டது மீட்கும் வழியை. நண்பரே, அதே கோப்புறையில் பெயரின் இறுதியில் 1 என்ற எண் ஒட்டிய கோப்பு ஒன்று இருக்கும். அது முந்தைய சேமிப்பு. அதைப் பிரதியெடுத்து, அந்த 1-ஐ நீக்கிவிட்டுத் திறந்து பாருங்கள். கழற்றிய பிறகு எத்தனை முறை சேமித்தீர்கள்?

கரிக்கோல்: ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை கண்ட்ரோல் எஸ் அழுத்துவது என் பழக்கம். அந்தக் கோப்பிலும் நடை இல்லை.

தூசிதட்டி: தானியங்கிச் சேமிப்பு 2 நிமிடத்துக்கு ஒருமுறை நடக்குமே, தற்காலிகக் கோப்புறையில் தேடுங்கள்.

மூத்ததச்சன்: முறையாக மூடினால் அது நீக்கப்பட்டுவிடும். மென்பொருள் இடையில் செயலிழந்தால்தான் உதவும்.

மையிருட்டு: அடிக்கடி சேமிப்பதே இங்கே வினையாகிவிட்டது. இயல்பமைப்பில் ஒரே ஒரு முந்தைய பிரதிதான் தங்குகிறது. இரண்டாவது சேமிப்பிலேயே நடை இருந்த பிரதி போய்விட்டது. விருப்பத்தேர்வுகளில் அந்த எண்ணிக்கையை 10 ஆக்கலாம்.

தூசிதட்டி: அடிக்கடி சேமிக்காதே என்று புதியவர்களுக்குச் சொல்வது ஆபத்து.

மையிருட்டு: சேமிக்க வேண்டாம் என்று சொல்லவில்லை. வேறு பெயரில் சேமிக்கும் சாளரத்தில் கூட்டல் குறியை அழுத்தினால் பெயரின் இறுதியிலுள்ள எண் ஒன்று கூடும். நாளுக்கு ஒரு கோப்பு வைத்துக்கொள்ளலாம்.

மூத்ததச்சன்: நாற்பது கோப்புகளில் எது சரியானது என்று தேடி இன்னோர் இழை தொடங்குவார்கள். கரிக்கோல், கோப்பை வேறு யாருக்காவது கொடுத்ததுண்டா? பழைய பிரதி கிடைத்தால், இன்றைய கோப்பில் இருந்தபடியே வேறு கோப்பிலிருந்து தரவை எடுத்துச் சேர்க்கும் 'அப்பெண்ட்' வழியாக அந்த ஆக்‌ஷனை மட்டும் எடுத்துக்கொள்ளலாம், ஓட்டம் கெடாது.

கரிக்கோல்: ரெண்டர் எடுக்க, அதாவது இறுதிப் படங்களாக்க, தோழியிடம் கொடுத்த பென் டிரைவில் ஒன்பது நாள் முந்தைய பிரதி இருந்தது. நடை வந்துவிட்டது. கைத்தடி ஊன்றும் பகுதியை மட்டும் மறுபடி செய்கிறேன். கேடயத்தை அழுத்திவிட்டேன், ஐயா.