கணினியை நானே அசெம்பிள் செய்வதா, விலை உயர்ந்ததை வாங்குவதா?

குழு அன்பர்களுக்கு வணக்கம். திருமங்கலத்தில் கல்யாண வீடியோக்களைத் தொகுத்துக் கொடுக்கும் தொழில் செய்கிறேன். என் பழைய கணினி 4கே காட்சிகளில் திணறுகிறது; போன வாரம் திறந்து பார்த்தபோது, பிராசஸர் மீதிருந்த, வெப்பத்தைக் கடத்தும் பேஸ்ட் காய்ந்து சுண்ணாம்பு போல உதிர்ந்தது.

ஆப்பிளின் மேக் ஸ்டூடியோ கணினியை வாங்கினால் சத்தமில்லாமல் வேலை நடக்கும் என்கிறார் மைத்துனர். உண்மைதான். ஆனால் அதில் ராமைப் பின்னாளில் கூட்ட முடியாது என்பதால், இன்றே பெருந்தொகையைப் போட வேண்டியிருப்பது என்னை உறுத்துகிறது. மாறாக, ஏஎம்5 சாக்கெட் (பிராசஸரைப் பொருத்தும் இடம்) உள்ள மதர்போர்டில் ஏஎம்டியின் ரைசன் 7 7700 பிராசஸர், 32 ஜிபி டிடிஆர்5 ராம் என்று தொடங்கினால், ராமைப் பிறகு கூட்டலாம். ஏஎம்டி நிறுவனம் 2027 வரையிலாவது அந்த சாக்கெட்டுக்கு ஆதரவு தருவதாக அறிவித்திருப்பதால், பிராசஸரையும் தனியாக மாற்றிக்கொள்ளலாம். எனக்கு இதுவே சரியெனப் படுகிறது.

என் கவலை மின்வெட்டுதான். ஆக்டிவ் பிஎஃப்சி (மின்சாரத்தைச் சீராக இழுக்கும் சுற்று) உள்ள சில பவர் சப்ளைகள், சாதாரண யுபிஎஸ் பேட்டரிக்கு மாறும் நொடியில் அணைந்துவிடுவதுண்டு. அவ்வாறு பாதி ரெண்டரில் (தொகுத்த வீடியோவை இறுதிக் கோப்பாக மாற்றும்போது) நின்றால், இரவு முழுவதும் செய்த வேலை வீணாகும். வீட்டு மின்சாரம் போலவே சீரான அலையாக மின்சாரம் தரும் ப்யூர் சைன் வேவ் யுபிஎஸ் கட்டாயம் வேண்டுமா? சித்திரை வெயிலில், ஏசி இல்லாத மாடி அறையில், பிராசஸர் மீது பொருத்தும், விசிறி வைத்த ஏர் கூலர் மட்டும் இதற்குப் போதுமா? மதுரைப் பக்கம் இப்படி அசெம்பிள் செய்து பயன்படுத்துபவர்கள், உதிரிப் பாகங்களுக்கு வாரண்டி கேட்டபோது நேர்ந்த அனுபவத்தையும் சேர்த்துச் சொன்னால் பேருதவியாக இருக்கும்.