ஹோவர்ட் குடும்பம் ஒவ்வொரு வீழ்ச்சியிலிருந்தும் மீண்டது எப்படி?

கேள்வி (ஏட்டுப்பிரியன்):
டியூடர் காலத்து இங்கிலாந்தைப் பற்றிப் படித்துவருகிறேன். 1485-இல் பாஸ்வொர்த் போர்க்களத்தில் தோற்ற தரப்பில் நின்று மாண்டவர், ஹோவர்ட் குடும்பத்தின் முதல் நார்ஃபோக் டியூக். அக்குடும்பத்துப் பெண்ணின் மகளான ஆன் பொலினும், அக்குடும்பத்திலேயே பிறந்த கேத்தரின் ஹோவர்டும் எட்டாம் ஹென்றிக்கு மனைவியராகி, அவர் ஆணையாலேயே தலை இழந்தனர். 1572-இல் நான்காம் டியூக்குக்கும் அதே கதி. இவ்வளவுக்குப் பிறகும் அக்குடும்பம் இன்றுவரை தழைத்திருப்பது எப்படி?

பதில் (கோட்டைவாசல்):
பட்டத்தையும் நிலத்தையும் நாடாளுமன்றச் சட்டத்தால் பறிக்கும் அந்நாளைய தண்டனையை இன்னொரு சட்டத்தால் திருப்பிவிடலாம் என்பதுதான் முதல் காரணம். முதல் டியூக்கின் மகன் தாமஸ், லண்டன் கோபுரச் சிறையிலிருந்து 1489-இல் விடுதலையானதும், யார்க்‌ஷயரில் கிளர்ச்சியை அடக்க ஏழாம் ஹென்றியால் அனுப்பப்பட்டார். 1513-இல், எழுபது வயதில், ஃபிளாடன் களத்தில் ஸ்காட்லாந்தை வென்றார். அந்நாட்டு மன்னர் நான்காம் ஜேம்ஸ் அங்கேயே மாண்டார். மறு ஆண்டே டியூக் பட்டம் திரும்பியதோடு, வாயில் அம்பு துளைத்த ஸ்காட்லாந்துச் சிங்கத்தைக் குடும்பச் சின்னத்தில் சேர்த்துக்கொள்ளும் உரிமையும் கிடைத்தது.

பதில் (பழஞ்சுவடி):
சேவையை மட்டும் காரணமாகச் சொல்வது மூன்றாம் டியூக்குக்குப் பொருந்தாது. 1536-இல் தம் சகோதரியின் மகள் ஆன் பொலினின் விசாரணைக்குத் தலைமை தாங்கி மரண தண்டனையை அறிவித்தவர் அவரே. கேத்தரின் சிக்கியபோதோ, சொந்த உறவினரையே பழித்து அரசருக்குக் கடிதம் எழுதித் தப்பித்துக்கொண்டார். பாசம் என்பதே இல்லாத மனிதர் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. ஆனால் 1547 ஜனவரியில், கவிஞரான மகன் சரே தலை வெட்டப்பட்ட சில நாள்களில், அவருக்கும் நாடாளுமன்றச் சட்டத்தால் மரணம் விதிக்கப்பட்டது. குறித்த நாளின் விடியலுக்கு முன்பே ஹென்றி இறந்துபோனதால் உயிர் தப்பி, 1553 வரை சிறையில் இருந்தார். ஹென்றி அந்தச் சட்டத்துக்கான ஆணையில் தம் கையால் ஒப்பமிடவில்லை, முத்திரைதான் பதிக்கப்பட்டது என்ற காரணத்தைக் காட்டி, இங்கிலாந்து அரசி முதலாம் மேரியின் நாடாளுமன்றம் அதைச் செல்லாததாக்கியது. இதில் அதிர்ஷ்டத்தின் பங்கே பெரிது.

ஏட்டுப்பிரியன்:
நன்றி. 1572-க்குப் பிறகு?

பதில் (கோட்டைவாசல்):
ஸ்காட்லாந்து அரசி மேரியை மணக்க முயன்ற நான்காம் டியூக்கோடு பறிபோன பட்டம், 1660-இல்தான் திரும்பியது. 1672-இல் ஏர்ல் மார்ஷல் பதவி பரம்பரை உரிமையானது. முடிசூட்டு விழா போன்ற அரச சடங்குகளை நடத்தும் பொறுப்பு அது. டியூக்குகள் கத்தோலிக்கராக இருந்த தலைமுறைகளில், 1824 வரை, புராட்டஸ்டன்ட் உறவினர்களே துணை மார்ஷலாகப் பணிபுரிந்தனர். அரியணைக்கு அருகே நின்று சூழ்ச்சி செய்வதைவிட, அங்கே யார் எங்கே நிற்க வேண்டும் என்று வரிசை வகுப்பதே தலைக்கு ஆபத்தில்லாத வேலை. 2023-இல் மூன்றாம் சார்லஸின் முடிசூட்டை, ஆங்கிலத் திருச்சபையின் அந்தச் சடங்கை, ஒழுங்குசெய்த பதினெட்டாம் டியூக்கும் கத்தோலிக்கரே.