புதுப்பிப்பு: தர்மபுரி – ஏற்காடு ஏரி, தனியாகப் போய்வந்தாச்சு

போன முறை ஏற்காட்டிலிருந்து காரில் இறங்கும்போது பிரேக் கருகிய வாடை வந்து பெடல் பஞ்சு மாதிரி அமுங்கியது, இந்த ஐப்பசியில் தனியாகப் போகலாமா என்று இங்கே கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லாருக்கும் நன்றி.

முதலில் பிரேக் ஆயிலை மாற்றினேன். பழைய ஆயில் ஈரத்தை இழுத்து வைத்திருந்தால் சூட்டில் கொதித்துக் குமிழி விடும், அதனால்தான் பெடல் அமுங்குகிறது என்று ஒருவர் எழுதியது சரிதான், வெளியே வந்தது டீத்தண்ணி நிறத்தில் இருந்தது. அப்புறம் "ஏறும் கியரிலேயே இறங்கு" என்ற யோசனை. தொப்பூர் இறக்கத்திலேயே மூன்றாவது கியரில் பழகிக்கொண்டேன், மலையில் 20 கொண்டை ஊசி வளைவுகளையும் இரண்டாவது கியரில், பிரேக்கை விட்டு விட்டு மிதித்து இறங்கினேன். வாடையே இல்லை. பின்னால் வந்தவர்கள்தான் ஹாரன் அடித்துக்கொண்டே இருந்தார்கள், அடிக்கட்டும்.

எதிர்பாராதது கண்ணாடிதான். ஏரிக்கரையில் மழைக்கு ஒதுங்கிக் காருக்குள் உட்கார்ந்ததில் உள்பக்கம் முழுக்க ஆவி படிந்துவிட்டது, துணியால் துடைத்தால் இன்னும் மோசம். குளிரில் ஏசியா என்று தயங்கினேன், ஆனால் ஏசியைப் போட்டுக் காற்றைக் கண்ணாடிக்குத் திருப்பியதும் சீக்கிரமே தெளிந்தது. படகுதான் ஏறவில்லை, மழை விடவே இல்லை.