நிலம் கொடுத்ததாலா, தண்ணீர் வந்ததாலா?

வரப்பு: பெரிய நிலத்தைத் துண்டு போட்டு உழுபவருக்குக் கொடுத்தால் விளைச்சல் படுத்துவிடும், ஏழை இன்னும் ஏழையாவான் என்று தராசு நேற்று எழுதியதைப் படித்ததிலிருந்து எரிச்சல் அடங்கவில்லை. தைவானில் 1949இல், முக்கியப் பயிரின் விளைச்சலில் 37.5 சதவீதத்துக்கு மேல் குத்தகை வாங்கக் கூடாது என்று சட்டம் வந்தது. அதற்கு முன் பாதியும் அதற்கு மேலும் போய்க்கொண்டிருந்தது. 1953இல், ஒருவர் குத்தகைக்கு விட்டிருந்த நிலத்தில் சுமார் 3 ஹெக்டேர் போக மிச்சத்தை அரசே வாங்கி உழுதவருக்குத் தவணையில் விற்றது. விளைச்சல் படுத்ததா? ஏறியது.

தராசு: ஏறியது சரி. ஆனால் தைவானின் பெரிய பாசனத் திட்டமான சியானான் கால்வாய் 1930லேயே முடிந்துவிட்டதே? புது நெல் ரகம், உரம் எல்லாம் தைவான் ஜப்பானியர் ஆட்சியில் இருந்தபோதே வந்தாயிற்று. தண்ணீர் செய்த வேலைக்குப் பட்டாவுக்கு மாலை போடாதீர்கள்.

வரப்பு: 1930இல் கால்வாய் வந்ததே, 1949 வரை குத்தகைக்காரர் வீட்டில் என்ன மாறிவிட்டது? கூடுதலாக விளைந்ததிலும் பாதி நிலத்துக்காரர் களஞ்சியத்துக்குத்தான் போனது. எவ்வளவு பாடுபட்டாலும் பாதி போய்விடும், அடுத்த வருடம் நிலத்தைவிட்டு இறக்கியும் விடுவார்கள் என்று தெரிந்தவர் எதற்கு எரு சுமப்பார்?

தராசு: நான் விளைச்சலைக் கேட்டேன், நீங்கள் வறுமைக்குத் தாவுகிறீர்கள். கால்வாய் இல்லாவிட்டால் அந்த 1953 சட்டம் எதைக் கிழித்திருக்கும்?

மண்வெட்டி: ஜிம்பாப்வேயைப் பற்றி மட்டும் யாரும் வாய் திறக்க மாட்டீர்களே! 2000இல் பெரிய பண்ணைகளைப் பிடுங்கிப் பிரித்தார்கள், மக்காச்சோளம் விழுந்தது, புகையிலையும் விழுந்தது.

வரப்பு: விழுந்த புகையிலை 2018இல் 2000ஆம் ஆண்டு அளவைத் தாண்டியதையும் சேர்த்துச் சொல்லுங்கள். அதில் பெரும்பங்கு ஒப்பந்த முறையில் பயிரிட்ட சிறு விவசாயிகளுடையது. அங்கே நிலத்தைக் கொடுத்தார்கள், ஆனால் வங்கியில் அடமானம் வைக்கக்கூடிய பத்திரத்தைக் கொடுக்கவில்லை. கடன் இல்லாமல் விதையும் உரமும் எங்கிருந்து வரும்? தைவானில் நிலத்துக்காரரிடம்கூடச் சும்மா பிடுங்கவில்லை. விலையில் 70 சதவீதம் நெல், சர்க்கரைவள்ளிக் கணக்கில் கடன் பத்திரமாகவும், 30 சதவீதம் அரசு நிறுவனப் பங்காகவும் போனது. அரைகுறையாகச் செய்துவிட்டு நிலம் பிரித்ததே தப்பு என்பது என்ன நியாயம்?

தராசு: அந்தப் பங்குகளைச் சின்ன நிலத்துக்காரர்கள் பலர் அடிமாட்டு விலைக்கு விற்றார்கள், அதை விட்டுவிட்டீர்களே. சரி, கால்வாய்?

நாற்றங்கால்: நிலம் யார் பெயரில் போனது என்று ஒருவராவது கேட்கிறீர்களா? மேற்கு வங்கத்தில் பங்குக் குத்தகைக்காரர் பெயரை அரசு ஏட்டில் ஏற்ற 1978இல் தொடங்கிய பர்கா பதிவில் பெரும்பாலும் ஆண்கள் பெயர்தான். நாற்று நட்டவள், களை எடுத்தவள் எந்த ஏட்டில் இருக்கிறாள்?

வரப்பு: பர்காவை நினைவுபடுத்தியதற்கு நன்றி. ஒரு துண்டு நிலம்கூட அதில் கைமாறவில்லை. குத்தகைக்காரர் பெயரைப் பதிந்தார்கள், இடுபொருள் செலவை அவரே போட்டால் முக்கால் பங்கு அவருக்கு, காரணமில்லாமல் வெளியேற்ற முடியாது, அவ்வளவுதான். அங்கேயும் நெல் ஏறியது. எந்தக் கால்வாய் ஐயா வந்தது?

தராசு: கால்வாய் வரவில்லை, குழாய்க் கிணறு வந்தது. அதே எண்பதுகளில்தான் அங்கே கோடை நெல் பரவியது. அங்கேயும் தண்ணீர்தான்.

நாற்றங்கால்: என் கேள்விக்கு நன்றி மட்டும்தான் பதிலா?

வரப்பு: அந்தக் குழாய்க் கிணற்றுக்குப் பணம் போடும் துணிச்சல், நாளைக்கே விரட்டப்படலாம் என்று இருப்பவருக்கு வருமா? தண்ணீரை யார் பாய்ச்சினார், எதை நம்பிப் பாய்ச்சினார் என்பதுதான் என் கேள்வி. 1930க்கும் 1949க்கும் நடுவில் இருந்த அத்தனை வருடத்துக்கும் நீங்கள் இன்னும் ஒரு வரி பதில் சொல்லவில்லை.

தராசு: கால்வாய்க்கு நீங்களும் சொல்லவில்லை.

மண்வெட்டி: புகையிலையைச் சொன்னார், மக்காச்சோளத்தை அப்படியே விழுங்கிவிட்டார். கவனித்தீர்களா?