கலைச்சொல்: ‘பிறவி அனுசேபத் தடை’

அன்புள்ள நண்பர்களுக்கு, வணக்கம்.

‘Inborn error of metabolism’ என்ற ஆங்கிலச் சொல்லுக்குத் தமிழாகச் சென்னை நண்பர் முன்வைத்த ‘பிறவி வளர்சிதைமாற்றப் பிழை’, யாழ்ப்பாணத்து அக்கா முன்வைத்த ‘பிறவி அனுசேபக் குறைபாடு’ இரண்டையும் படித்தேன். முல்லைத்தீவு, கிளிநொச்சிப் பக்கத்துக் குடும்பநல உத்தியோகத்தர்கள் தாய்மாருக்கு வாசித்துக் காட்டப்போகும் துண்டுப்பிரசுரத்துக்காகவே இச்சொல்லைத் தேடுகிறோம். உணவை உடல் பயன்படுத்தும்போது நடக்கும் இரசாயன மாற்றங்களை அனுசேபம் என்பதா, வளர்சிதைமாற்றம் என்பதா என்று இழுபட வேண்டாம். இலங்கைப் பாடநூல்களில் இருப்பது அனுசேபம், அதுவே இருக்கட்டும். சிக்கல் கடைசிச் சொல்லில்தான்.

1908இல் ஆங்கிலேய மருத்துவர் ஆர்ச்சிபால்ட் கரொட் லண்டனில் ஆற்றிய உரைகளில் இந்நோய்களுக்கு இட்ட பெயரைப் ‘பிழை’ அப்படியே தருகிறது. ஆனால் எங்கள் பேச்சில் பிழை என்றால் குற்றமும்தான். பிள்ளை நோயோடு பிறந்த வீட்டில் ‘யாருடைய பிழை’ என்ற கேள்வி ஏற்கெனவே எழுந்திருக்கும். பதில் பெரும்பாலும் தாயின் தலையிலேயே விழும். அதை நாங்களே அச்சடித்துக் கொடுக்கக் கூடாது.

‘குறைபாடு’ வேறு விதத்தில் ஆபத்தானது. கிளினிக்கில் தாய்மார் அன்றாடம் கேட்பது இரும்புச்சத்துக் குறைபாடு, விற்றமின் குறைபாடு. குறைந்ததைக் கொடுத்தால் நிறைந்துவிடும் என்றே அவர்கள் விளங்கிக்கொள்வார்கள். இந்நோய்களில் ஒன்றான கலக்ரோசீமியா உள்ள குழந்தைக்கோ தாய்ப்பாலே நஞ்சாகிறது. பாலிலுள்ள இலக்ரோசு குளுக்கோசாகவும் கலக்ரோசாகவும் பிரிகிறது. அந்தக் கலக்ரோசைக் குளுக்கோசாக மாற்றும் பாதையில் ஒரு நொதியம் வேலை செய்வதில்லை. பிறந்து சில நாட்களிலேயே வாந்தி, மஞ்சள் காமாலை, சோர்வு, ஈரல் வீக்கம். உடனடியாகத் தாய்ப்பாலை நிறுத்தி, இலக்ரோசு இல்லாத சோயாப் பால்மாவுக்கு மாற்ற வேண்டும். ‘தாய்ப்பாலைப் போல் எதுவும் இல்லை’ என்று ஊரெல்லாம் சொல்லிவரும் அதே உத்தியோகத்தர்தான் இதையும் சொல்லியாக வேண்டும். எவ்வளவு கடினமான பேச்சு அது!

ஆகவே ‘தடை’ என்கிறேன். முத்தையன்கட்டுக் குளத்திலோ இரணைமடுக் குளத்திலோ துருசு (மதகு) திறக்காமல் இறுகிவிட்டால் என்ன நடக்கும் என்று இங்குள்ள எவருக்கும் விளக்கத் தேவையில்லை. கீழே வயல் காயும். மேலே நீர் தேங்கும். தேங்கியது வேறு வழியால் வான் பாயும். இந்நோயில் நடப்பதும் அதுதான். மாற்ற முடியாத கலக்ரோசு உடலில் தேங்குகிறது. ஒரு பங்கு கலக்ரிற்றோலாக மாறிக் கண்வில்லையில் படிந்து கண்புரையை உண்டாக்குகிறது. குளத்துக்கு வரும் நீரைக் குறைப்பதுதான் பால் நிறுத்தம். நொதியத்தை மட்டுமல்லாமல், பொருளைக் கடத்தும் புரதம் பழுதான நோய்களையும் ‘தடை’ உள்ளடக்கும். முழுத்தடை, பகுதித்தடை என்று பிரித்தும் சொல்லலாம். விலக்கு என்ற பொருள் குறுக்கிடும் என்று ஒருவர் எழுதியிருந்தார். சிறுநீர்த் தடை என்னும்போது யாரும் அப்படி எண்ணுவதில்லையே.

‘பரம்பரை நோய்’ என்பதைத் தலைப்பில் போடவே வேண்டாம். தாய், தகப்பன் இருவரிடமிருந்தும் பழுதான பரம்பரையலகு வந்தால்தான் கலக்ரோசீமியா உண்டாகும். அவர்கள் இருவரும் நலமாகவே இருப்பார்கள். ஒவ்வொரு கருவிலும் நான்கில் ஒரு வாய்ப்பு. மச்சான், மச்சாள் முறையில் மணந்தோரிடம் இருவரும் அதே பழுதைக் கொண்டிருக்கும் வாய்ப்புக் கூடும். ஆனாலும் ‘எங்கள் பரம்பரையில் யாருக்கும் இல்லையே’ என்று நோயையே நம்ப மறுப்பார்கள். இல்லாவிட்டால் அக்காள் தங்கையரின் கலியாணப் பேச்சு நின்றுபோகும். மரபுவழி பற்றி உள்ளே, ஆறுதலாக, ஒரு பத்தியில் சொல்லிக்கொள்ளலாம்.

அந்தப் பத்திக்குத்தான் இன்னொரு சொல் வேண்டும். ஒரு பழுதான பரம்பரையலகோடு நலமாக வாழும் பெற்றோரைக் ‘காவி’ என்று எழுத எனக்கு மனமில்லை. டெங்கு நுளம்பையும் நோய்க்காவி என்றுதான் சுகாதாரச் சுவரொட்டிகள் சொல்கின்றன. ‘மறைபழுது உடையவர்’ என்று எழுதிப் பார்த்தேன், ‘பழுது’ உறுத்துகிறது. வேறு சொல் இருந்தால் எழுதுங்கள்.

அன்புடன்,
முல்லைத்தீவிலிருந்து